சிங்கத்தைப் படமெடுக்க மகளை அனுப்பலாமா?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கும் மகள், தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சஃபாரி முகாமில் நான்கு வாரம் தங்கி வனவிலங்குப் படமெடுக்கக் கற்கப் போகிறேன் என்கிறாள். சிங்கத்தை நினைத்தாலும் பயம், செலவை நினைத்தாலும் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிங்கத்தை விடுங்கள். வழிகாட்டி சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். நான் பயப்படுவது கொசுவுக்கு. அந்தப் பக்கம் மலேரியா உண்டு; கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். கொசு குறைவு, புல்லும் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும். படமெடுக்க அதுதான் நல்ல பருவம். திறந்த வண்டியில் விடிகாலைக் குளிர் நடுக்கிவிடும், ஸ்வெட்டர் போதாது.

அங்கே என்ன கற்பாள்? விடியும் முன்பே கிளம்புவார்கள். பீன் பேக் எனப்படும், பயறு போல ஏதாவது நிரப்பிய மெத்தென்ற பையை வண்டிக் கதவின் மேல் வைத்து, அதில் கேமராவைச் சாய்த்து, எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். நீண்ட லென்ஸில் சின்ன அதிர்வும் தெரியும். வெயில் ஏறினால் கானல் அலையில் உருவமே நெளியும், எனவே முகாமுக்குத் திரும்பி, எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, லென்ஸ் தூசியைத் துடைக்க வேண்டியதுதான். புதிதாக வருபவர்கள் சிங்கம் கொட்டாவி விடுவதை நாற்பது தடவை எடுத்து வைத்திருப்பார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்: அது எதைப் பார்த்து எழுந்தது? அந்த ஷாட் இல்லை. காதும் இல்லை, பாதமும் இல்லை, தூரத்து மான் கூட்டமும் இல்லை. ஷாட்டுகளைக் கோர்த்துக் கதை சொல்லும் அந்தப் புத்திக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். சான்றிதழைக் காட்டி யாரும் வேலை தர மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். சிங்கக்குட்டியைக் கொஞ்சலாம், பால் புகட்டலாம் என்று விளம்பரம் செய்யும் இடமென்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி வளர்க்கப்படும் சிங்கங்கள் பல, பின்னாளில் வேலிக்குள் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் வேட்டைக்குப் போயின. கூண்டுச் சிங்கத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021-ல் அந்நாட்டு அரசே அறிவித்தது. குட்டியைக் கொஞ்ச விடும் அப்படியொரு இடத்தில் படமெடுத்த பெயரோடு இந்தத் துறையில் நுழைந்தால், அந்தப் பெயரே எதிரியாகிவிடும்.

வருமானமா? மாதச் சம்பள வேலை குறைவு, ஒப்பந்த வேலையே அதிகம். கேமரா உதவியாளர், எடிட்டிங் உதவி என்றுதான் தொடங்க வேண்டும். முறையாகப் படிக்க நினைத்தால் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வனவிலங்குப் படத்துக்கே முதுகலைப் படிப்பு இருக்கிறது. பிபிசியின் இயற்கை வரலாற்றுப் பிரிவும் 1957 முதல் அந்த ஊரில்தான். முகாமுக்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் சேமிப்பென்றால் சரி.

வனவிலங்குப் படங்கள் எடுக்கும் சென்னையின் சேகர் தத்தாத்ரி பள்ளிப் பருவத்தில் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்துதான் இந்தப் பாதைக்கு வந்தார். உங்கள் மகளும் முதலில் பக்கத்து ஏரிக்குப் போகட்டும். ஒரே கொக்கு, ஒரு மாதம், மூன்று நிமிடப் படம். அதை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் முன்பணம் கட்டுவதைப் பற்றிப் பேசலாம்.