தவணை எழுதப்படாத நோட்டு

ஐயா,

நான் கள்ளிமந்தையம் பக்கம். சொந்தமாக ஒரு பொலேரோ பிக்கப் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் பாலக்காட்டுக்கும் காய்கறி லோடு அடிக்கிறேன். வண்டி 2013 மாடல், 3,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் புகைகிறது. எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க மெக்கானிக் 1,40,000 ரூபாய் கேட்கிறார். புது வண்டி ஆன்ரோடு விலை 11 லட்சம். பழையதைக் கொடுத்து, கொஞ்சம் நகையையும் வைத்தால் 3 லட்சம் முன்பணம் கட்டிவிடலாம். மீதி 8 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் மாதம் 24,000 வீதம் நான்கு வருடம் என்கிறார்கள். ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்கிறது. 15 வருடம் ஆனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், அது பழகிவிட்டது. மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளி வாசலில் இந்த வண்டியிலிருந்து இறங்கக் கூச்சப்பட்டு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறான். நீங்கள் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா? வாங்கினால் எந்தக் கம்பெனி?

க.

அன்புள்ள க.,

உங்கள் மின்னஞ்சல் அதிகாலை 2.40 மணிக்கு வந்திருக்கிறது. லோடு இறங்கும்வரை காத்திருந்த நேரத்தில் செல்பேசியில் தட்டியிருப்பீர்கள். அந்த நேரத்தில் என் அப்பா வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். பாலக்காடு போகும்போது நீங்கள் உடுமலையைத் தாண்டித்தான் போகிறீர்கள். அது என் ஊர். ஆகவே இந்தக் கடிதத்தை எளிதாக ஒதுக்கிவைக்க முடியவில்லை.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தக் கம்பெனி என்று எழுத்தாளனிடம் கேட்கக் கூடாது. நடு இரவில் எழுப்பினாலும் எழுந்து வரும் உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டி எதுவோ அதுதான் நல்ல கம்பெனி. 15 வருடத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது டெல்லி வட்டாரத்துத் தடையையும் அரசு வாகனங்களுக்கான விதியையும் ஒன்றாகக் குழப்பி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட செய்தி. 15 ஆண்டு கடந்ததும் பதிவு ரத்தாகும் என்ற விதி 2023 ஏப்ரலில் அரசு வாகனங்களுக்கு வந்தது. உங்களுக்கு வரப்போவது எப்.சி. கட்டணம், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்குக் கட்டுவது. எட்டு வருடம் தாண்டிய வண்டியை ஆண்டுதோறும் காட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருப்பது உண்மைதான். ஆனால் விலை பத்து சதவீதம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 128 ரூபாய்ப் பொருள் 118 ஆகிறது, நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. புதிதின் விலை இறங்கினால் உங்கள் பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலையும் சேர்ந்தே இறங்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 8 லட்சம், 11 சதவீதம், 48 மாதம், மாதம் 24,000 என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை நடுங்கவில்லையா? இந்த நான்கு எண்களும் ஒன்றோடொன்று சேரவில்லையே! வங்கியில் வீட்டுக் கடனுக்குப் போடுவதுபோல, கட்டக் கட்ட அசல் குறைந்து, குறைந்த அசலுக்கு மட்டும் வட்டி என்றால் 11 சதவீதத்துக்குத் தவணை 20,700 ரூபாய்க்குள்தான் வரும். உங்களிடம் சொல்லப்பட்டது பிளாட் வட்டி. எட்டு லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 3,52,000 என்று முதல் நாளே கணக்குப் போட்டு, அசலோடு சேர்த்து, 48-ஆல் வகுத்துவிட்டார்கள். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். வட்டி மட்டும் முழு எட்டு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சமமாகப் பிரித்துப் பாருங்கள். கடைசி மாதம் உங்கள் தலையில் மிச்சமிருக்கும் அசல் பதினாறாயிரத்துச் சொச்சம். அந்தப் பதினாறாயிரத்துக்கு அந்த ஒரு மாதத்து வட்டி 7,333 ரூபாய். சந்தையில் காலையில் ஆயிரம் கொடுத்து மாலையில் வசூலிக்கும் ஆள்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் வெட்கப்படுவார்.

குறையும் வட்டி முறையில் இதைத் திருப்பிப் போட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 19 சதவீதம். 11-க்கும் 19-க்கும் இடையில் தவணையில் எவ்வளவு போகிறது தெரியுமா? நான்கு வருடத்தில் 1,60,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உங்கள் மெக்கானிக் எஞ்சினுக்குக் கேட்பது 1,40,000. அந்த மனிதர் கேட்ட தொகை உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய தொகை பிளாட் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு போகிறது, அது உங்கள் கண்ணில் படவில்லை.

சென்ற மாதம் உறவினர் ஒருவருடைய கடன் தாள்களைப் படிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து இந்தக் கோபம் வயிற்றில் கிடக்கிறது, அகப்பட்டவர் நீங்கள், மன்னியுங்கள். ஆனால் ஒன்றைச் செய்யுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவரத் தாளில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பு அந்தத் தாளைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி.

இவ்வளவு கத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அப்பா ஒரு மெட்டடார் வேன் வைத்திருந்தார். இரண்டாம் கையாக வாங்கியது. உடுமலையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்காடு போவார். ஒரு நீள நோட்டில் வண்டிக் கணக்கு எழுதுவார். பஞ்சர், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், பட்டை உடைந்தது, டீ. எல்லாம் காசு சுத்தமாக இருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சனியன் என்னைத் தின்கிறது" என்பார். எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து மினி லாரிகள் வந்து இறங்கின. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி. எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் அவற்றின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே பொள்ளாச்சிக்குப் போய் வந்தார்கள். 1988-இல் அப்பாவும் ஒன்று வாங்கினார். மெட்டடாரைத் தன்னிடம் பதினொரு வருடம் ஓட்டிய டிரைவருக்கே விலை பேசிக் கொடுத்து, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டினார்.

புது வண்டியில் ஒரு குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் வண்டியைத் திட்டுகிறார்கள். அது தங்கமாக ஓடியது. நீள நோட்டில் செலவே இல்லை. அப்பா பக்கத்தைப் புரட்டிக் காட்டி அம்மாவிடம் பெருமைப்படுவார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பதினேழு மாதத் தவணை கட்டியிருக்கிறார், மாதம் நாலாயிரத்துச் சொச்சம். ஒரு மாதத்துத் தவணைகூட நோட்டில் இல்லை. கையில் கிரீஸ் ஒட்டினால்தான் அவருக்கு அது வண்டிச் செலவு. தவணை மழைபோல, வெயில்போல, அது பாட்டுக்கு இருந்தது.

பிறகு தக்காளி விலை விழுந்தது. பறிகூலிக்குக் கட்டாது என்று காட்டிலேயே விட்டார்கள். காட்டில் கிடக்கும் தக்காளிக்கு லாரி வாடகை யார் தருவார்? மூன்று தவணை நின்றது. நான்காம் மாதம் கோமங்கலம்புதூர் தாண்டி ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. பள்ளி விடுமுறை, நான் முன்சீட்டில் இருந்தேன். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். லோடை இறக்கிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். ஒருவர் எங்களோடு சேர்ந்து கூடை பிடித்து இறக்கவும் செய்தார். அறுபது கூடை. சாலை ஓரத்தில் புளியமரத்தடியில் தக்காளியோடு நான் உட்கார்ந்திருக்க, அப்பா பஸ் பிடித்து உடுமலைக்குப் போனார். இரண்டு மணிநேரம் கழித்து எங்கள் பழைய மெட்டடார் வந்தது. அதன் ஹாரனை நான் தொலைவிலேயே கண்டுகொண்டேன். டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கூடைகளை ஏற்றினார், பாலக்காடு கொண்டுபோய் இறக்கினார், திரும்பியதும் அப்பாவிடம் வாடகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்காக அம்மா அவரை வெகுகாலம் ஏசினாள். அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். வண்டி வைத்திருப்பவன் வாடகையை விடக்கூடாது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த வேன் விடியற்காலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அப்பா அந்நேரத்தில் புழக்கடைப் பக்கம் போய்விடுவார்.

நீங்கள் கேட்டது இதை அல்ல, தெரியும். நான்கு வருடம் கழித்து உங்கள் கையில் ஒரு வண்டி நிற்குமே என்பீர்கள். நிற்கும், அதற்கு விலையும் இருக்கும், மறுக்கவில்லை. அதுவரை மாதம் 25 நாள் ஓடுவதாக வைத்தாலும், சாவியைத் திருப்பும் முன்பே அன்றைக்கு 960 ரூபாய் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டுதான் எழவேண்டும். காய் வரத்து இல்லாத மாதத்திலும் எழவேண்டும். கடன் கொடுத்தவர் முழுக் காப்பீடும் கேட்பார். எஞ்சின் வேலையை மூன்று வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 3,900. பழைய வண்டி வேறு செலவும் வைக்கும், வைக்கட்டும், இடையில் இருபதாயிரம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் வைக்கவேண்டிய எண் ஒன்றுதான். கடந்த பன்னிரண்டு மாதத்தில் வண்டி எத்தனை நாள் லோடோடு வழியில் நின்றது? முருங்கைக்காய் வாடி எத்தனை நடை நஷ்டமானது? எத்தனை வியாபாரிகள் வேறு வண்டிக்குப் போனார்கள்? இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை எழுதவில்லை. புகையின் நிறத்தையும் எழுதவில்லை. கறுப்பு என்றால் நாசில், பம்ப், ஏர் பில்டர் என்று பார்க்கவேண்டும், அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையே இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் கசிந்தாலும் ஆயில் குறையும். கம்ப்ரஷன் பார்க்காமல் 1,40,000 சொல்லியிருந்தால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், விரிசல் இருந்தால், ஏற்கெனவே வெல்டிங் வைத்த இடத்தில் மறுபடி விட்டிருந்தால், நான் சொன்னது எதையும் கேட்காதீர்கள். அந்த வண்டியை விற்றுவிடுங்கள். புதிதுதான் வாங்கவேண்டும் என்றில்லை, நான்கைந்து வருடம் ஓடியதாகவும் பார்க்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டி என்றால் புகை வடிகட்டியையும் சென்சாரையும் பார்க்கத் தெரிந்த ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனைப் பற்றிய வரியைப் படித்ததும் அவனை நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் வகுப்பில் என்னைத் தக்காளி என்று கூப்பிடுவார்கள். சட்டையில் அழுகல் வாடை அடிக்கிறது என்று பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். ஜப்பான் வண்டி வாங்கச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் நான். உனக்காகத்தான் வாங்கினேன் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா ஒரே ஒருமுறை, வேறு ஏதோ சண்டையில், சொல்லிவிட்டாள்.

அவனை ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடுங்கள். இன்னும் ஒன்றரை வருடம்தானே. அந்த 24,000 கணக்கை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் போடச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்புப் பையன் என்னைவிட வேகமாகப் போடுவான்.

கடைசியாக, பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை டன் லோடோடு, இரவில், மழையில், எதிரில் பஸ் வரும்போதும் பழகித்தான் இருக்குமா? அடுத்த லோடு ஏற்றும் முன்பு சக்கரத்தைக் கழற்றி பிரேக்கை முழுதாகப் பாருங்கள். எஞ்சின் விஷயம் ஒரு மாதம் பொறுக்கும்.