மழையில் நனையும் தீவனப் பை

கேள்வி: தரையில் போடும் உலர்புல் சேற்றில் மிதிபட்டு வீணாவதால், என் ஆடுகளுக்கும் இரண்டு பசுக்களுக்கும் வலைப்பின்னல் கொண்ட தீவனப் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். மழை தொடரும் நாள்களில் பையின் அடியிலுள்ள புல் மறுநாளே பிசுபிசுத்து வாடை அடிக்கிறது. ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகிவிடுகின்றன. வேறு வகைப் பை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நிரப்பும் அளவையும் தொங்கவிடும் இடத்தையும் மாற்றினாலே போதும். தீவனப் பை புல்லைச் சேற்றிலிருந்தும் சாணத்திலிருந்தும் காக்குமே தவிர, மழையிலிருந்து காக்காது. நன்கு காய்ந்த புல்லின் ஈரப்பதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் இருக்கும். அது 20 விழுக்காட்டைத் தாண்டிய நிலையில் நெருக்கமாக அடைந்து கிடந்தால், புல் உள்ளுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கத் தொடங்கும். மேலே விழும் நீர் முழுவதும் பையின் அடிப்பகுதிக்கே வடிவதால், கெடுதலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆகவே, நாள் முழுவதற்குமான புல்லைக் காலையிலேயே திணிக்காமல், இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவை மட்டும் பலமுறை வையுங்கள். கூரையின் இறவாணத்துக்கு, அதாவது மழைநீர் வடியும் கூரை விளிம்புக்கு, நேர் கீழே தொங்கவிட்டால், திறந்த வெளியில் இருப்பதைவிட அதிகமாக நனையும். சாரல் அடிக்காத பக்கத்தில், கூரைக்குள் நன்கு தள்ளிக் கட்டுங்கள். ஒரு பை உலரும்போது மற்றொன்று பயன்படும்படி இரண்டிரண்டாக வைத்திருப்பது நல்லது. ஆடுகள் ஒரே இடத்தில் நின்று தின்னும்போது அந்த இடம் சேறாகிக் குளம்பழுகல் நோய்க்கு வழிவகுக்கும் என்பதால், இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நனைந்த வலைப்பை கனத்துத் தொய்ந்து தாழும். காலியானதும் இன்னும் கீழே தொங்கும். அதில் ஆட்டின் கால் சிக்கக்கூடும், கொம்புள்ள ஆடு தலையை நுழைத்து மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறக்கவும் கூடும். காலியான நிலையிலும் ஆட்டின் மார்பு உயரத்துக்குக் கீழே வராதபடி கட்டுங்கள். கண்ணில் தூசி விழுமளவுக்கு மிக உயரமாகவும் வேண்டாம். கொம்புள்ள ஆடுகளுக்கும் குட்டிகளுக்கும் வலைப்பையை அறவே தவிர்த்து, கூரைக்கடியில் மரச்சட்டத் தீவனத் தொட்டி அமைப்பதே என் உறுதியான பரிந்துரை.

ஆடுகள் ஒதுக்கிய புல்லைப் பசுக்களுக்குப் போட்டுவிடாதீர்கள். பூசணம் பிடித்த தீவனம் இருமலையும் செரிமானக் கோளாற்றையும் தருவதோடு, சினைக் கால்நடைகளில் கருச்சிதைவையும் உண்டாக்கக்கூடும். அதை எருக்குழியில் சேர்த்துவிடுங்கள்.