மீன் வாங்கும்போது முதலில் ஐஸைப் பாருங்கள்: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): மகள் முழுகாமல் இருக்கிறாள். பாதரசம் இருக்கிறதே, மீன் கொடுக்கலாமா?

தாராளமாக. மீனை அடியோடு நிறுத்தினால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா-3 குறைந்துவிடும். வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி, நெத்திலி கொடுங்கள். சின்ன மீனைத் தின்று பல வருடம் வாழும் பெரிய மீனில்தான் பாதரசம் சேரும். அது சதையோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. சுறாவும் பெரிய வஞ்சிரமும் இப்போது வேண்டாம்.

கேள்வி (நாகப்பட்டினம்): அப்போ பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுக்கக் கூடாதா? எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோம்.

பூண்டு போட்டு உதிர்த்த புட்டு, பெற்ற உடம்புக்கு நல்ல புரதம். அதில் பாட்டி சொன்னது சரி. ஆனால் பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பதால். சுறாவால் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கேள்வி (அவரே): நாங்கள் வாங்குவது பால்சுறாதான், பெரிய சுறா இல்லை.

நல்ல கேள்வி. பால்சுறா சுமார் ஒரு மீட்டர் வளரும் சின்ன இனம், அதன் குட்டியில் பாதரசம் குறைவாகவே இருக்கும். துண்டு போட்டுவிட்டால் எந்தச் சுறா என்று யாருக்குத் தெரியும்? முழு மீனாகப் பார்த்து, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். அதையும் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் நெத்திலிப் புட்டு செய்யலாம்.

கேள்வி (மதுரை): கெடாமல் இருக்க ஃபார்மலின் ரசாயனம் கலந்த மீனைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. 2018இல் கேரளத்தில் அத்தகைய மீனைப் பிடிக்க, கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைக் காகிதம் உதவியது. வழி அதுதான்.

கேள்வி (திருச்சி): சூரை மீன் தின்ற அரைமணியில் முகம் சிவந்து அரித்தது. மீன் ஒவ்வாமையா?

ஒவ்வாமையாகவும் இருக்கலாம், ஆனால் சூரை, அயிலை என்றால் நான் முதலில் ஐஸைத்தான் சந்தேகிப்பேன். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை அரிப்பு உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றும். மீன் நாறாமலேயே இது நடக்கும், எவ்வளவு வறுத்தாலும் அழியாது. மூச்சு திணறினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி (சேலம்): செவுள் சிவப்பாக இருந்தால் ஃபார்மலின் இல்லைதானே?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான் பதில். செவுள் நிறத்தை நம்பாதீர்கள்.

கேள்வி (எண்ணூர்): எங்கள் கழிமுகத்து மட்டி?

வேண்டாம். மட்டி தண்ணீரை வடிகட்டி உண்பது. தண்ணீரில் உள்ளதெல்லாம் அதற்குள் சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (ஈரோடு): இதய நோயாளி இறால் சாப்பிடலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (கரூர்): ஃபார்மலினை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

மூன்றாவது முறை ஃபார்மலின். ஊறவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். அந்தக் கடையில் மீனுக்கு அடியிலும் மேலும் ஐஸ் இருந்ததா? அதைச் சொல்லுங்கள்.