அசலை மிஞ்சும் கவர்

கேள்வி: ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடி வெளியிடும் கவர் பாட்டு என்றாலே நகல்தானே? ‘அசலையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது’ என்று சில ஆங்கிலப் பாடல்களைக் கொண்டாடுகிறார்களே, அப்படி நிஜமாகவே உண்டா? நண்பர்கள் நாங்கள் கரோக்கி டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) போட்டு, அசலில் உள்ளபடியே பிசிறில்லாமல் பாடிப் பதிவேற்றுகிறோம். யாரும் கண்டுகொள்வதில்லையே, ஏன்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. உங்கள் பாட்டை ஏன் கண்டுகொள்வதில்லை என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அசலில் உள்ளபடியே பாடினால், கேட்பவர் அசலையே போட்டுக் கேட்டுவிட்டுப் போவார்.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. மெட்டும் வரிகளும் இயற்றியவருடையவை. அவற்றை யாரும் மிஞ்ச முடியாது, எடுத்தாள மட்டுமே முடியும். எந்தச் சுருதியில், எந்த வேகத்தில், எந்த வாத்தியத்தோடு, யார் வாயிலிருந்து அது வருகிறது என்பதெல்லாம் ஒலிப்பதிவைச் சேர்ந்தது. மிஞ்சுவதற்கு அங்கேதான் இடமிருக்கிறது.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1967 டிசம்பரில் வெளியிட்ட ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அக்கூஸ்டிக் கிதார், மவுத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பல்லவி கிடையாது. மூன்று சரணம், மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த மாதமே, 1968 ஜனவரியில், கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் அதைப் பதிவுசெய்ய ஆரம்பித்தார். பிறகு நியூயார்க் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போனார். பேஸ் கிதாரையும் அவரே வாசித்தார். கார்டுகளின் வரிசை அதேதான். கிதாரின் சுருதியை அரைக் கட்டை இறக்கியிருந்ததால் டிலனின் சி ஷார்ப் மைனர் இங்கே சி மைனராக ஒலிக்கிறது. வரிகளும் கிட்டத்தட்ட அப்படியே. அப்படியென்றால் எதை மாற்றினார்? சரணங்களுக்கு நடுவில் இருந்த இடத்தை. இரண்டாம் சரணம் முடிந்ததும் வரும் நீண்ட கிதார் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் நேரான வாசிப்பு, அடுத்து தந்தியில் வழுக்கிச் செல்லும் ஸ்லைடு, அதற்கடுத்து காலால் அழுத்தி நாதத்தை மாற்றும் வாவா பெடல், கடைசியில் கார்டுகளாலேயே ஒரு தாள வாசிப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாதமே மாறுகிறது. காற்று ஊளையிடுவதாக டிலன் எழுதிய கடைசி வரிக்குப் பிறகு, ஹென்ட்ரிக்ஸின் கிதார் அந்த ஊளையை எடுத்துக்கொண்டு முடிவுவரை ஓடுகிறது. டிலன் சொல்லாமல் விட்ட புயலை இவர் வாத்தியத்தில் காட்டிவிட்டார். பிற்காலத்தில் டிலனே மேடையில் இந்தப் பாட்டை ஹென்ட்ரிக்ஸின் பாணியை ஒட்டியே பாடினார். இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் செய்தது வேறு வகை. ‘ரெஸ்பெக்ட்’ ஓடிஸ் ரெடிங் எழுதி 1965-ல் பாடியது. சம்பாதித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கிற பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீத்தா அதையே பெண் கேட்பதாகப் பதிவுசெய்தார். ‘ரெஸ்பெக்ட்’ என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடம் ரெடிங்கின் பதிவில் கிடையாது. அது அரீத்தா சேர்த்தது. பின்பாட்டில் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் பாட, பாட்டு ஒரு பெண்ணின் குறையாக இல்லாமல் பல பெண்களின் கோரிக்கையாகிவிட்டது. ரெடிங்கின் பாட்டில் இடையிசைக்கென்று தனிப்பகுதி இல்லை. அதற்காக சாம் அண்ட் டேவ் ஜோடி பாடிய இன்னொரு பாட்டின் கார்டுகளை எடுத்துவந்து, அவற்றின்மேல் கிங் கர்டிஸை சாக்ஸபோன் வாசிக்கவைத்தார்கள். சி சுருதியில் ஓடும் பாட்டு அங்கே எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவும்போது, வேறு அறைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். ரெடிங்கின் பதிவு அமெரிக்காவின் பொதுவான பாடல் தரவரிசைப் பட்டியலில் 35-ஆம் இடம்வரை போனது, அரீத்தாவினுடையது முதலிடம். ஒரு பெண் தன் பாட்டைப் பறித்துக்கொண்டாள் என்று ரெடிங் அதே ஆண்டு மான்டரே இசை விழா மேடையில் சொன்னார். இன்னொன்றும் சொல்லவேண்டும், என்னால் ஏற்க முடியாத விஷயம் அது. அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் வானொலிகளில் ஒரு பாட்டு ஒலித்தால் ராயல்டி இயற்றியவருக்கு மட்டுமே, பாடியவருக்கு இல்லை. அரீத்தாவின் குரல் அத்தனை ஆண்டு வானொலியில் ஒலித்ததற்கான பணம் ரெடிங்கின் பக்கமே போனது.

ஜானி கேஷ் தன் எழுபதாவது வயதில், 2002-ல் பாடிய ‘ஹர்ட்’ அசலை மிஞ்சியது என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1994-ல் வந்த அசலில், நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் பதிவில், வேண்டுமென்றே ஒட்டாத ஒரு சுரம் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல்தான் பாட்டின் உயிர். கேஷ் அதை எடுத்துவிட்டு வெறும் ஏ மைனர், சி, டி என்று கிதாரில் பிடித்தார். ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி முள்முடி என்று பாடினார். இளைஞனின் தற்கொலை மனநிலை, முதியவரின் கணக்குத் தீர்ப்பாகிவிட்டது. இரண்டும் சமம், இரண்டும் வேண்டும்.

லெனர்ட் கோஹனின் ‘ஹாலலூயா’வில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜான் கேல் 1991-ல் அதைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார், ஜெஃப் பக்லி 1994-ல் கேலின் வடிவத்தை எடுத்து எலெக்ட்ரிக் கிதாரில் பாடினார். இன்று பாடுகிறவர்கள் பக்லியின் பெருமூச்சைக்கூட விடாமல் நகலெடுக்கிறார்கள். போதாததற்குக் கார்டுகளையும் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள். முதல் சரணத்தில் நாலாவது, ஐந்தாவது, மைனர் இறக்கம், மேஜர் ஏற்றம் என்று வரி தன் கார்டுகளைத் தானே சொல்கிறது. சி சுருதியில் அவை எஃப், ஜி, ஏ மைனர், எஃப். அந்த இடத்தில் வேறு கார்டு பிடித்தால் வரி பொய்யாகிவிடும். எதையும் மாற்றலாம், ஆனால் பாட்டு எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு மாற்றவேண்டும்.

இனி உங்கள் விஷயம். கரோக்கி டிராக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். சுருதி, வேகம், இடையிசை மூன்றையும் அது ஏற்கெனவே பூட்டிவிடுகிறது; உங்களுக்கென்று எதுவும் மிச்சமில்லை. தம்பூரா சுருதி மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடுங்கள். பாட்டின் உச்ச சுரம் கத்தாமல் வருகிற கட்டையைக் கண்டுபிடிக்கும்வரை அரை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வாருங்கள். பெண்குரல் பாட்டை ஆண் பாடும்போது நாலைந்து அரைக் கட்டை இறங்குவது சாதாரணம். பிறகு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: வேகம், அல்லது வாத்தியம், அல்லது பாடுகிறவர் யார் என்பது.

வேகத்தைக் குறைப்பதுதான் இப்போது எல்லோரும் செய்வது, அதிகம் கெடுவதும் அதில்தான். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் 16 தட்டு நீளமுள்ள வரி 8 விநாடியில் முடியும். 60-ஆகக் குறைத்தால் அதே வரிக்கு 16 விநாடி. மூச்சு நடு வார்த்தையில் அறுந்துவிடும். தமிழில் கூடுதல் ஆபத்து: இழுக்கும்போது குறில் நெடிலாகும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். வேகம் குறைத்தால் வரியை இரண்டாக வெட்டி நடுவில் மௌனமோ வாத்தியமோ வையுங்கள். குறிலை இழுக்காமல் அதற்கு அடுத்து வரும் நெடிலிலோ மெல்லின ஒற்றிலோ நில்லுங்கள்.

விற்பனைக்கு வெளியிடுவதென்றால் சட்டத்தையும் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது. அதன்படி, அசல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்கவேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி முன்பணமும் தரவேண்டும். உறையில் கவர் என்று போடவேண்டும். அசல் பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு மயக்கக் கூடாது. இது ஒலிப்பதிவுக்கு மட்டும். வீடியோவாகப் போடுவதற்குத் தனி அனுமதி வாங்கவேண்டும்.