கேள்வி நேரம்: லிங்க் போடும்போது ஃபைல் காணாமல் போகாமல் இருக்க

கேள்வி: எங்கள் வெப்சைட்டின் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். 'கரண்ட்' என்ற சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டும் குறுக்குவழி), இப்போது ஓடும் பதிப்பைக் காட்டும். லினக்ஸ் சர்வரில் புதிய பதிப்புக்கு மாற, லிங்க் போடும் கட்டளையான 'எல்என் -எஸ்எஃப்' (ln -sf) கொடுத்தேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் தளம் பழையபடியே இருக்கிறது. பழைய ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் ஒரு புது லிங்க் கிடக்கிறது. எது தவறு?

பதில்: கட்டளை தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது, அந்த விதி பலருக்குத் தெரியாததுதான் சிக்கல். எல்என்னுக்குக் கடைசியாக நீங்கள் கொடுக்கும் பெயர் ஒரு ஃபோல்டராக இருந்தால், 'இதற்குள் லிங்க் போடு' என்று எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரைக் காட்டும் லிங்க்கும் அதற்கு ஃபோல்டர்தான். அதனால் 'கரண்ட்' வழியாகப் பழைய பதிப்புக்குள் நுழைந்து அங்கே லிங்க்கைப் போட்டுவிட்டது. முதலில் அந்த வேண்டாத லிங்க்கை அழித்துவிடுங்கள், பெயருக்குப் பின்னால் சாய்கோடு போடாமல் அழிக்கும் கட்டளையான ஆர்எம் (rm) கொடுத்தால் போதும், ஃபோல்டரை உள்ளிருப்பதோடு அழிக்கும் -ஆர் தேவையே இல்லை.

இதைத் தடுக்க -என் சேர்ப்பார்கள், அதாவது 'எல்என் -எஸ்எஃப்என்'. மேக்கில் -எச் என்றாலும் அதே வேலைதான். ஆனால் 'கரண்ட்' என்பது லிங்க்காக இல்லாமல் யாரோ உருவாக்கி வைத்த நிஜ ஃபோல்டராக இருந்தால் -என் காப்பாற்றாது, மறுபடி உள்ளேதான் போய் விழும். லினக்ஸில் பெரிய எழுத்து -டி (T) கொடுங்கள். அப்போது கடைசிப் பெயரை எப்போதும் லிங்க்கின் பெயராக மட்டுமே பார்க்கும், அங்கே நிஜ ஃபோல்டர் இருந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். இப்படி நின்றுவிடுவதுதான் நமக்கு வேண்டியது.

-எஃப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் கேட்காமல் அழித்துவிட்டு லிங்க்கை வைப்பதுதான் அதன் வேலை. வரிசை, காப்பி செய்யும் சிபி கட்டளை மாதிரியேதான்: முதலில் அசல், பிறகு லிங்க்கின் பெயர். அவசரத்தில் இதை மாற்றிக் கொடுத்தால், -எஃப் இருக்கும் பட்சத்தில், அசல் ஃபைல் போய்விடும், அதன் இடத்தில் இல்லாத ஒன்றைக் காட்டும் வெறும் லிங்க் மிஞ்சும், குப்பைத்தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. -எஃப் இல்லாமல் அதே தவறைச் செய்தால் 'ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது' என்ற செய்தியோடு தப்பித்துவிடுவீர்கள். கையால் அடிக்கும்போது -எஃப் வேண்டவே வேண்டாம், தேவைப்பட்டால் கேட்டுவிட்டு மாற்றும் -ஐ போடுங்கள்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் எப்படி மாற்றுவது? 'கரண்ட்-புது' என்று வேறு பெயரில் 'எல்என் -எஸ்டி' கொண்டு லிங்க் போடுங்கள். 'ரீட்லிங்க் -இ' (readlink -e) கொடுத்து அது சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள், இலக்கே இல்லையென்றால் இந்தக் கட்டளை தோல்வி அடையும், எல்என் அதைச் சொல்லாது. அப்புறம், பெயர் மாற்றும் கட்டளையான 'எம்வி -டி' (mv -T) மூலம் அதைக் 'கரண்ட்' மேல் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும், பழையதும் இல்லை புதியதும் இல்லை என்ற இடைவெளி ஒரு நொடிகூட வராது. இங்கேயும் -டி முக்கியம், இல்லாவிட்டால் எம்வியும் பழைய ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிடும்.

இன்னொன்று, முழுப் பாதை கொடுக்காமல் சுருக்கமாகக் கொடுத்தால், அது நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல, லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். செத்த லிங்க்குகளில் நிறைய இப்படிப் பிறந்தவைதான். லினக்ஸில் -எஸ்ஸுடன் -ஆர் சேர்த்தால் சரியான பாதையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

கேள்வி: முக்கியமான ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் போட்டு வைத்தால் பேக்கப் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ஹார்ட் லிங்க் என்பது அதே தரவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே எல்என் இருக்கிறது, அன்றைக்கு இருந்தது இந்த வகை மட்டுமே. சிம்பாலிக் லிங்க் 1983-இன் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு வழியாகத்தான் பரவியது. ஒரு பெயரைத் தவறுதலாக அழித்தால் மற்றப் பெயரில் தரவு பிழைக்கும், உண்மைதான். ஆனால் உள்ளடக்கத்தை ஒரு நிரல் கெடுத்து எழுதினால் இரண்டு பெயரிலும் கெட்டதுதான் இருக்கும், டிஸ்க் போனால் இரண்டும் போகும், வேறு டிஸ்க்குக்கு ஹார்ட் லிங்க் போடவும் முடியாது. இன்னும் குழப்பமாக, சில எடிட்டர்கள் சேமிக்கும்போது புது ஃபைல் எழுதிப் பழைய பெயரை அதற்குக் கொடுத்துவிடும், அந்த நொடியிலிருந்து உங்கள் இரண்டு பெயர்களும் சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்துவிடும். 'எல்எஸ் -எல்ஐ' கொடுத்து முதல் நெடுவரிசையில் இருக்கும் ஐநோட் எண் (தரவின் அடையாள எண்) இரண்டு பெயருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். பேக்கப்புக்கு வேறு டிஸ்க்கில் நிஜமான காப்பி எடுத்து வையுங்கள்.