மெயின் சுவிட்சும் நாலு தறியும்: சி மொழி த்ரெட் கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை த்ரெட் என்போம். சி மொழியில் அவற்றை உருவாக்கி நடத்தும் பீத்ரெட் ஃபங்ஷன்களைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை.

பீளமேடு மாணவி: அண்ணா, த்ரெட்டை உருவாக்கும் பீத்ரெட்_கிரியேட், வெற்றி என்று 0 தான் தருகிறது. ஆனால் சில நேரம் திரையில் ஒன்றுமே வருவதில்லை. ஏனுங்க?

உங்கள் மெயின் ஃபங்ஷன் முந்திக்கொண்டு முடிந்திருக்கும். தறிக்கூடத்தில் மெயின் சுவிட்சை இறக்கினால் பாதி நெய்த தறியும் நின்றுவிடும் அல்லவா? மெயின் ரிட்டர்ன் ஆனால் ப்ராசஸே, அதாவது ஓடும் புரோகிராமே, போய்விடும், எல்லா த்ரெட்டும் கூடவே போகும். ஒவ்வொன்றுக்கும் பீத்ரெட்_ஜாயின் போட்டு, அது முடியும்வரை காத்திருங்கள். ஸ்லீப் போட்டு, சில நொடி சும்மா நிறுத்திச் சமாளிக்க வேண்டாம். வீட்டில் ஓடும், லேப் தேர்வு அன்று காலை வாரும்.

சோமனூர்: நாலு த்ரெட்டுக்கு 0, 1, 2, 3 என்று அனுப்பினேன். 2, 2, 4, 4 என்று வருகிறது. அந்த 4 எங்கிருந்துங்க வந்தது?

லூப் மாறியின் முகவரியை அனுப்பியிருக்கிறீர்கள். நாலு பேருக்கும் போனது ஒரே முகவரி. எண் யாருக்கும் போகவில்லை. த்ரெட் எழுந்து எட்டிப் பார்க்கும் நேரத்தில் அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். லூப் முடியும்போது மாறி 4 ஆகியிருக்கும், அதுவும் மாட்டும்.

நானும் இதில் பட்டவன்தான். ஒரு கம்பெனியில் எல்லா மெஷினின் கணக்கும் கடைசி மெஷின் பேரிலேயே ஏறிக்கொண்டிருந்தது. நான் தப்பைக் கண்டுபிடிப்பதற்குள் சூப்பர்வைசர் அந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டுப் பாராட்டியே விட்டார்!

நாலு இடமுள்ள ஓர் அரே வைத்து, ஆளுக்கொரு இடத்தின் முகவரியைக் கொடுங்கள். ஜாயின் முடியும்வரை அந்த அரே உயிரோடு இருக்க வேண்டும். உருவாக்கிவிட்டுத் திரும்பிவிடும் ஃபங்ஷனுக்குள் அதை வைத்தால் பழைய வம்பு வேறு உருவில் வரும். அப்போது மாலாக்கில் தனியாக நினைவகம் வாங்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் த்ரெட்டையே அதை ஃப்ரீ செய்யச் சொல்லுங்கள்.

ஈரோடு: ஜாயினா, டிடாச்சா?

முடிவு வேண்டும், அல்லது முடிந்தது தெரிய வேண்டும் என்றால் ஜாயின். இல்லையென்றால் டிடாச், அதாவது முடிந்ததும் தானே துடைத்துக்கொண்டு போகும்படி அவிழ்த்து விடுவது. இரண்டும் செய்யாமல் விட்டால், த்ரெட் முடிந்த பிறகும் அதன் ஸ்டாக், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவக இடம், திரும்பக் கிடைக்காது. நாள்கணக்கில் ஓடும் சர்வரில் ஒருநாள் கிரியேட்டே ஈஅகெய்ன் (வளம் போதவில்லை என்ற பிழை) என்று கையை விரிக்கும். டிடாச் செய்ததை ஜாயின் செய்யக் கூடாது, ஒரே த்ரெட்டை இரண்டு முறையும் கூடாது.

ஈரோடு, மறுபடியும்: கிரியேட் கையை விரித்த இடத்தில், பிழைச் செய்தி காட்டும் பெர்ரர் போட்டால் "சக்சஸ்" என்கிறதே?

பெர்ரர் பார்ப்பது எர்நோ என்ற பிழை எண் மாறியை. பீத்ரெட் ஃபங்ஷன்கள் எர்நோவைத் தொடுவதில்லை. திரும்பி வரும் எண்தான் பிழை எண். அதை, பிழை எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்ட்ரெரருக்குக் கொடுங்கள்.

பொள்ளாச்சி: 1000 த்ரெட் போட்டால் வேகம் கூடுமா?

வெறும் கணக்கு வேலை என்றால் ப்ராசஸரில் கோர் எத்தனையோ அத்தனை த்ரெட் போதும். மேலே போட்டால் த்ரெட்கள் கோரில் மாறி மாறி ஏறி இறங்குவதிலேயே நேரம் போகும். லினக்ஸில் வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் 8 எம்பி ஸ்டாக் ஒதுக்குவார்கள். அது முகவரி இடம்தான், தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே ராம் செலவாகும்.

கோபி: சி மொழியின் சி11 தரநிலையில் வந்த த்ரெட் வசதியான த்ரெட்ஸ்.எச் பழகலாமா?

பழகலாம். ஆனால் தரநிலையில் அது கட்டாயமில்லை, லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியிலேயே 2018-இல் வந்த 2.28 பதிப்பில்தான் சேர்ந்தது. நான் இன்னும் பீத்ரெட்தான்.