மனையைப் பிரிக்கும் முன் எதற்கெல்லாம் பணம் ஒதுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மனை 20 மீட்டர் அகலம், 45 மீட்டர் ஆழம். முன்பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீடு. பின்பக்கத்தைத் தனி மனையாகப் பிரித்து விற்கலாம் என்று நினைக்கிறோம். முடிந்தால் அதையே இரண்டாக்கவும் ஆசை. வரைபடம் போட ஒருவர் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்றும் விசாரித்துவிட்டோம். இரண்டையும் கூட்டினால் பட்ஜெட் சரியாக வருமா?

பதில்: வராது. ஒப்புதல் வரும்போது கூடவே நிபந்தனைகளும் வரும். பின்மனைக்குப் போகும் வழிக்குத் தளம் போட வேண்டும், மழைநீரைத் தெரு வடிகாலில் சேர்க்க வேண்டும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனி இணைப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். பல வருடம் நில அளவையராக இருந்தவன் சொல்கிறேன்: மனை பிரிக்கிறவர்கள் கையில் காசு தீர்ந்து பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எனவே வரைபடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்த நிபந்தனைகள் என்னவாக இருக்கும் என்று கண்டுபிடிக்க முதல் பணத்தைச் செலவழியுங்கள்.

அதற்கு முதலில் வேண்டியது சர்வே. எல்லையை மட்டும் அளந்தால் போதாது, தரைமட்ட உயரங்களையும் எடுக்கச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கழிவுநீர் தன் போக்கில் தெருக் குழாய்க்கு ஓடுமா என்பதை அந்த உயரங்கள்தான் சொல்லும். உங்கள் மனையின் பின்கோடி தெருவைவிட 1 மீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்கு 60-க்கு 1 சாய்வு கொடுத்தால், 45 மீட்டர் தூரத்துக்கு முக்கால் மீட்டர் இறக்கம் வேண்டும். பின்கோடியில் குழாய் தொடங்கும் ஆழம் 0.4 மீட்டர். எல்லாம் கூட்டினால் தெருவில் குழாய் 2.15 மீட்டர் ஆழத்தில் இருந்தாக வேண்டும். அங்கே இருப்பது 1.5 மீட்டர் ஆழத்தில் என்றால்? மண்ணை நிரப்பி மேடாக்க வேண்டும், அல்லது பம்ப் வைக்க வேண்டும், அல்லது பின்பக்கத்து வீட்டாரிடம் பேசி அவர்கள் நிலத்தின் வழியாகக் குழாய் கொண்டுபோக எழுத்துபூர்வமான உரிமை வாங்க வேண்டும். எதைச் செய்தாலும் அதற்கென்று வரைபடம், தனிக் கட்டணம், கூடுதல் காலம் எல்லாம் உண்டு. அழகான லே-அவுட் போட்டு முடித்த பிறகு இது தெரியவந்தால், போட்ட வரைபடத்துக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சர்வே கையில் வந்ததும், பத்திரங்களை ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வழிப்பாதை உரிமை, குழாய் போன தடம், வில்லங்கம் எதுவும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மனை அடமானத்தில் இருந்தால், கடன் கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் பிரிக்க முடியாமல் போகலாம். அந்தச் சம்மதத்துக்கும் கட்டணம் கேட்பதுண்டு. அப்புறம், ஒப்புதல் தரும் அலுவலகத்துக்குக் கையால் போட்ட ஒரு கோட்டுப்படத்தோடு போய்ப் பேசுங்கள். முறையான விண்ணப்பம் போடும் முன்பே ஆலோசனை கேட்க வசதி இருந்தால், கட்டணம் கேட்டாலும் தயங்காமல் கொடுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் முழு வரைபடத்துக்குப் போக வேண்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட என்ன இல்லை என்று கேளுங்கள். அலுவலகம் திருத்தம் கேட்டால் எத்தனை முறை வரை அதே தொகைக்குள் செய்து தருவார்? மண் பரிசோதனை, வடிகால் கணக்கு, வழியின் பொறியியல் வரைபடம், கடைசியில் எல்லைக்கல் நடுவது, புதிய மனைகளைப் பதிவு செய்வது இவையெல்லாம் யார் பொறுப்பு? ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தாளில் வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

எதிர்பாராத செலவுக்கு, சர்வேக்கு முந்தைய கணக்கில் 20 சதவீதம் கூட்டி வையுங்கள் என்பேன். நிபந்தனைகள் எழுத்தில் கைக்கு வந்தபின் அதை 10 ஆகக் குறைக்கலாம். கடன் வாங்கிச் செய்வதானால், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும் செலவுப் பட்டியலில் சேருங்கள். ஒப்புதலுக்குக் காலக்கெடு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் நீட்டிப்புக்கும் பணம் கட்ட நேரிடும்.

பின்பக்கத்தை இரண்டாக்கலாமா என்பதற்கு வருகிறேன். வீட்டை ஒட்டி 4 மீட்டர் அகலத்தில் 25 மீட்டர் நீளத்துக்கு வழி விட்டாலே 100 சதுர மீட்டர் போய்விடும். உங்கள் மொத்த மனையான 900-இல் ஒன்பதில் ஒரு பங்கு அது. மனை ஒன்று கூடினால் வழியும் அகலமாக வேண்டும், வண்டி திரும்ப இடமும் வேண்டும் என்று விதி கேட்கலாம். சர்வே, பத்திர ஆய்வு போன்றவை இரண்டு மனைக்கும் மூன்று மனைக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். இணைப்பு, பதிவு, மனைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வளர்ச்சிக் கட்டணம் ஆகியவை மனையின் எண்ணிக்கையோடு ஏறும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அளவுக்கு ஒரே பின்மனைதான் நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி: மனையைப் பிரித்தால், இப்போது இருக்கும் வீட்டிலும் வேலை இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். புதிய எல்லைக்கோட்டிலிருந்து வீட்டுச் சுவர் விதிப்படி தள்ளி இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். வீட்டின் குழாயோ மின்கம்பியோ புதிய மனைக்குள் ஓடினால் மாற்றிப் போட வேண்டும். பின்பக்கக் கொட்டகை எல்லைக்கோட்டில் விழுந்தால் இடிக்கும் செலவும் சேரும்.

கேள்வி: அக்காவும் நானும் தம்பியும் சேர்ந்து நிலத்தைப் பிரிக்கிறோம். மூவருக்கும் சம அளவு இல்லை. அனுமதிச் செலவை எப்படிப் பங்கிடுவது?

பதில்: சர்வே, விண்ணப்பம், பொது வழி, பொது வடிகால் ஆகியவற்றை அவரவர் பரப்பின் விகிதத்தில் பகிருங்கள். தனி இணைப்பும் பதிவும் அவரவர் செலவு. பாதியில் ஒருவர் விலகினால் அதுவரை ஆனதை யார் ஏற்பது என்பதையும் இப்போதே பேசி எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள். அக்காவிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. சர்வேயருக்கு முதல் தொகை கொடுக்கும் முன்பே பேசிவிட்டால் அந்தச் சங்கடம் சிறியதாகவே இருக்கும்.